ராசியில்லாத நகரம்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூறியது கூறல்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இங்கே அபர்டீனில் இப்போது சாயங்காலம். சிட்னியிலிருந்து விடியாத நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த மேடையில் இதுவரை நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும்தான் பேசியிருக்கிறோம். நான் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் தம்பி, "சரியாத்தான் கேட்டேனா அக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். சரியாகத்தான் கேட்டார்.

என் மகனுக்கு 17 வயது. ஒரு சனிக்கிழமை காலையில் நான் இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தால், அவனும் தூங்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறான். "என்ன மக்களே, ராத்திரி பூரா இதானா?" என்றேன். வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பதில் வராது. அன்றைக்கு வந்தது. "அம்மா, நீங்க நர்சுதானே. இந்த டாக்டர் செய்யது சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். திரையில் ஒரு சாக்கடைச் சந்துக்குள் இலவச வைத்தியசாலை. மெலிந்த ஒருவன் படுத்துக் கிடக்கும் குழந்தையின் மேல் கை வைத்துக்கொண்டிருக்கிறான். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று மாதம், விடுப்பு நாட்களில், நானே கன்ட்ரோலரைப் பிடித்து அந்தக் கதையை ஒருமுறை முழுக்க விளையாடி முடித்தேன். கட்டைவிரல் வலித்தது ஒன்றுதான் குறை.

அந்த விளையாட்டின் பெயர் டிராகன் ஏஜ் 2. கனடாவின் எட்மண்டன் நகரத்தில் இருக்கும் பயோவேர் நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்டது. தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டர். மிகைபுனைவு விளையாட்டுகளில் பொதுவாக உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருப்போம். இதில் பெரும்பாலும் ஒரே நகரம்தான், பெயர் கிர்க்வால். போருக்குத் தப்பி அகதியாக வரும் ஹாக் என்ற நாயகன் அல்லது நாயகி, அந்த நகரத்தில் கழிக்கும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்தான் கதை. அகதியாக வந்து, துறைமுகத்தில் காக்க வைக்கப்பட்டு, கடன்பட்டு உள்ளே நுழைந்து, கடைசியில் அந்த ஊரின் அரசியலில் சிக்கிக்கொள்வது. இதை விளக்க இந்த அவையில் அதிக நேரம் தேவைப்படாது.

இனி நான் சொல்லப்போவதில் கதையின் முடிச்செல்லாம் அவிழும். விளையாடப் போகிறவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம், வருத்தப்பட மாட்டேன்.

நகரத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்நகரில் பிரபுக்கள். கீழ்நகரில் ஏழைகள். அதற்கும் கீழே, பழைய சுரங்கங்களில், இருள்நகர். நான் பார்த்த வைத்தியசாலை இருள்நகரில் இருக்கிறது. துறைமுகத்தில் ஒரு தீவு. டெவிண்டர் பேரரசு ஆண்ட காலத்தில் அடிமைகளை அடைத்துவைத்த சிறை அது, பெயரே தூக்குமேடை. அடிமைகளின் மாபெரும் வெண்கலச் சிலைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கே நிற்கின்றன. இப்போது அந்தத் தீவில் மந்திரவாதிகள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த உலகத்தில் மந்திர சக்தி பிறவியிலேயே வருவது. அப்படிப் பிறந்தவர்களைத் தீய ஆவி பிடித்துவிடக்கூடும் என்பதால் சாண்ட்ரி என்ற திருச்சபை அவர்களை வட்டம் என்ற அமைப்புக்குள் வைத்து, டெம்ப்ளர் என்ற வீரர்களைக் காவலுக்குப் போட்டிருக்கிறது. பயம் வெறும் கற்பனையும் அல்ல, ஆவி பிடித்தவர்கள் உண்மையாகவே ஊரைக் கொல்கிறார்கள். டெம்ப்ளர் தலைவி மெரடித். மந்திரவாதிகளின் தலைவர் ஒர்சினோ. இருவருக்கும் நடுவில் திருச்சபையின் தலைமைத் தாய் எல்தினா. பெயருக்கு ஊரை ஆளும் வைகவுண்ட் டுமார்.

ஏழு ஆண்டு முடிவில் ஒருவர் அந்தச் சாண்ட்ரி ஆலயத்தை உள்ளே இருந்தவர்களோடு சேர்த்து வெடிக்கவைக்கிறார். நகரம் பற்றி எரிகிறது. அந்தத் தீ அந்த உலகம் முழுக்கப் போராகப் பரவுகிறது. ஏன் இப்படி ஆனது, யார் காரணம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு விளையாட்டின் ரசிகர்கள் 2011 முதல் இன்றுவரை ஊகங்களை நெய்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஊகங்கள்தான் என்னுடைய இன்றைய பொருள். நாவல் வாசகர்கள் பலரைவிடக் கூர்மையாக வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதேசமயம் எங்கே வழுக்குகிறார்கள் என்பதும் தெரிந்தது. நானும் அதே இடத்தில் ஒருமுறை வழுக்கியவள் என்பதால் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கதைசொல்லி. நாம் விளையாடுவது நடந்து முடிந்த கதை. வாரிக் என்ற குள்ளரினத்து எழுத்தாளனை நாற்காலியில் உட்கார வைத்து, திருச்சபையைச் சேர்ந்த கஸாண்ட்ரா விசாரிக்கிறாள். அவன் சொல்லச் சொல்ல நாம் விளையாடுகிறோம். தொடக்கத்திலேயே ஹாக் அரக்கர்களைப் பூவைக் கிள்ளுவதுபோலக் கொன்று குவிக்க, அவள் கையைக் காட்டி நிறுத்துகிறாள், பொய் சொல்லாதே என்று. அதன் பிறகுதான் அடிபடும் மனிதனாக ஹாக் தெரிகிறான். இரண்டாம் பாகத்தில், தன் அண்ணன் வீட்டுக்குள் தான் ஒற்றை ஆளாகப் படையை வீழ்த்தியதாக வாரிக் விட்ட கதையும் இப்படித்தான் பிடிபடுகிறது. இரண்டு பொய் பிடிபட்டால் பிடிபடாதவை எத்தனை? நம்பத்தகாத கதைசொல்லி என்று நம் விமர்சகர்கள் சொல்வதை, பதினைந்து வயதுப் பையன்கள் இந்த விளையாட்டில் தாமாகக் கண்டுபிடித்து, ஒவ்வொரு காட்சியிலும் வாரிக்குக்கு என்ன ஆதாயம் என்று கேட்கிறார்கள்.

ஆனால் இதே ஊகம் எல்லை மீறும் இடமும் உண்டு. அவசரமாகத் தயாரிக்கப்பட்ட விளையாட்டு இது. அதனால் ஒரே குகை திரும்பத் திரும்ப வருகிறது. மலைக்குகை, கடற்கரைக்குகை, கொள்ளையர் குகை எல்லாம் அதே வளைவு, அதே முட்டுச்சுவர். வெளிவந்தபோது எல்லோரும் திட்டிய குறை. ரசிகர்கள் இதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்கள். வாரிக்குக்குக் குகையை வர்ணிக்கச் சோம்பல், அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவாம். வேடிக்கையாகச் சொல்லப்பட்டது, சிலர் நிஜமாகவே நம்பவும் செய்கிறார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஆர்டிஃபாக்ட். நோயாளியின் நெஞ்சில் ஈசிஜி வயர்கள் ஒட்டியிருக்கும். அவர் பல் தேய்ப்பார். கை ஆடுவதால் மானிட்டரில் இதயம் தாறுமாறாகத் துடிப்பதுபோலக் கோடு ஓடும். புதிதாக வந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே போனால் அவர் வாயில் நுரையோடு நம்மைப் பார்ப்பார். கோடு பொய்யல்ல, இதயத்தைப் பற்றிய கோடு அல்ல, அவ்வளவுதான். பிரதியில் உள்ள எல்லாமே அர்த்தமாகிவிடாது. சில கோடுகள் பணமும் நேரமும் இல்லாததால் விழுந்தவை.

ஊகம் பிரமாதமாகப் பலித்த ஒரு இடத்துக்கு வருகிறேன். கிர்க்வாலில் பெண்கள் காணாமல் போகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் அதற்கு முன்பு வெள்ளை லில்லிப் பூக்கள் வந்திருக்கின்றன. இரண்டாம் பாகத்தில் ஹாக்கின் அம்மாவுக்கும் பூ வருகிறது. என்ன செய்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பகுதியை விளையாடிவிட்டு நான் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். கொலைகாரன் குவெண்டின் என்ற மந்திரவாதி. இறந்துபோன மனைவியை வேறு பெண்களின் உறுப்புகளைச் சேர்த்து மீட்கப் பார்க்கிறான். அவனுடைய நிலவறையில் ஒரு கடிதம் கிடக்கிறது. கேட்ட புத்தகங்களை அனுப்பியிருக்கிறேன், உங்கள் ஆராய்ச்சி வியப்பூட்டுகிறது என்ற தொனியில் யாரோ எழுதியது. கையொப்பம் 'ஓ' என்ற ஒற்றை எழுத்து.

அந்தக் கடிதத்தை எடுக்காமல் போனவர்கள் நிறையப் பேர். எடுத்தவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் யார் யார்? படித்தவர், மந்திரவாதி, நூலகம் கையில் உள்ளவர். ஒர்சினோ. ஆனால் ஒர்சினோ நல்லவர், ஒடுக்கப்பட்டவர்களுக்காகக் குரல் கொடுப்பவர். அதனால் பலர் அந்த ஊகத்தை ஏற்க மறுத்தார்கள். கடைசிக் கட்டத்தில் நெருக்கடி முற்றும்போது, குவெண்டினின் ஆராய்ச்சி தனக்குத் தெரியும் என்று அவர் வாயாலேயே வருகிறது. டெம்ப்ளர்கள் தெரிந்துகொண்டால் வட்டத்தையே அழித்துவிடுவார்கள் என்று மறைத்தாராம். பிறகு அதே வித்தையைத் தன் மேல் ஏவிக்கொண்டு உருமாறுகிறார். அந்த உருமாற்றம் எனக்கு ஒப்பவில்லை. சண்டைபோட ஒரு பூதம் வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. கடிதம்தான் முக்கியம். தன் மக்களின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தன் மக்களில் ஒருவன் செய்யும் கொலைகளைத் தெரியாததுபோல இருந்த தலைவர். பேய் எதுவும் அவரைப் பிடிக்கவில்லை.

மெரடித்தைப் பற்றிய ஊகம் வேறு வகை. முதல் பாகத்தில் பாதாளப் பாதையில் ஹாக்கும் வாரிக்கும் சிவப்பு லிரியத்தால் ஆன ஒரு சிலையைக் கண்டெடுக்கிறார்கள். லிரியம் என்பது மந்திரத்துக்கு எரிபொருள் போன்ற ஒரு கனிமம். வாரிக்கின் அண்ணன் அந்தச் சிலையைத் திருடி விற்றுவிட்டுப் பைத்தியமாகிறான். வாங்கியவள் மெரடித். உருக்கி வாளாகச் செய்து வைத்திருக்கிறாள். அவளுடைய சந்தேகமும் கொடூரமும் அந்த வாளால் வந்தவை என்று கடைசியில் விளையாட்டே காட்டுகிறது. 2014இல் வந்த அடுத்த விளையாட்டான டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் இன்னொன்றும் சொன்னது: சிவப்பு லிரியம் என்பது நோய் தொற்றிய லிரியம். கல்லுக்கும் தொற்றுமா? தொற்றுமானால் அந்தக் கல் உயிருள்ளது. ஒரு நர்சாக இந்த இடத்தில் எனக்குச் சின்ன சந்தோஷம் ஏற்பட்டதை மறைக்கவில்லை.

ஆக, மெரடித் நோயாளி, பாவம், வாள்தான் குற்றவாளி என்று ஒரு கூட்டம் சொல்கிறது. இதை இன்னொரு கூட்டம் தேதியை வைத்து மறுத்தது. அந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. விளையாட்டுக்குள் ஆங்காங்கே கிடைக்கும் கிர்க்வாலின் வரலாற்று ஏடுகளில் டுமாருக்கு முந்தைய வைகவுண்ட் திரென்ஹோல்டின் கதை இருக்கிறது. துறைமுகச் சங்கிலியை இழுத்துக் கடல்வழியை அடைத்துக் கப்பம் கேட்டவர் அவர். டெம்ப்ளர்களை வெளியேற்றப் பார்த்து, அவர்களுடைய தலைவரைத் தூக்கிலிட்டார். மெரடித் தலைமையில் டெம்ப்ளர்கள் கோட்டைக்குள் புகுந்து அவரைச் சிறைபிடித்தார்கள். அடுத்து யார் ஆள்வது? வலுவில்லாத டுமாரைக் கூப்பிட்டுப் பதவியைக் கொடுக்கிறார்கள். மெரடித் அவருக்கு ஒரு தந்தப் பேழையைப் பரிசாகத் தருகிறாள். திறந்தால் உள்ளே திரென்ஹோல்டின் முத்திரை மோதிரம், இரத்தம் காய்ந்து நசுங்கிப்போய். உனக்கும் இதே கதி வர வேண்டியதில்லை என்ற பொருளில் மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கிறது.

இது நடந்தது அவர்களுடைய நாட்காட்டியில் டிராகன் யுகம் 21ஆம் ஆண்டு. பாதாளத்தில் சிலை கிடைப்பது 31ஐ ஒட்டி. பத்து ஆண்டு இடைவெளி. அந்தப் பேழையைக் கொடுத்தபோது மெரடித்தின் கையில் எந்தச் சிவப்பு வாளும் இல்லை. நோய் வருவதற்கு முன்பே அவள் அவள்தான். வாள் இருந்ததைப் பெரிதாக்கியது. இதைச் சொன்ன ரசிகர் யாரென்று எனக்குத் தெரியாது, கேஸ் ஷீட்டில் தேதி பார்க்கத் தெரிந்த ஆள்.

இப்போது அந்த வைத்தியர். பெயர் ஆண்டர்ஸ். வட்டத்திலிருந்து தப்பி வந்த மந்திரவாதி. காசு வாங்காமல் அகதிகளுக்கு மருத்துவம் செய்கிறான். 2010இல் வந்த அவேக்கனிங் என்ற முந்தைய கதையில் அவன் ஒரு கலகலப்பான ஆள். நீதி என்ற பெயருடைய நல்லாவி ஒன்றும் அதில் அவனுடைய நண்பன். இந்த விளையாட்டில் அந்த ஆவியைத் தன் உடலுக்குள் ஏற்றுக்கொண்டவனாக வருகிறான். அவனுடைய கோபத்தோடு சேர்ந்து அந்த நீதி பழிவாங்கலாக மாறிவிட்டதாக அவனே சொல்கிறான். முதல் பாகத்தில் அவன் தேடி வந்த நண்பன் கார்லை, டெம்ப்ளர்கள் 'அமைதிப்படுத்தி' வைத்திருக்கிறார்கள். நெற்றியில் முத்திரை குத்தி உணர்ச்சியை அறுத்துவிடும் சடங்கு அது. பிறகு அந்த ஆள் சொன்னதைச் செய்வார், கோபப்பட மாட்டார், அழ மாட்டார். மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் சிகிச்சைக்கு 1949இல் நோபல் பரிசு கொடுத்த உலகம் நம்முடையது. அதைக் கற்பனை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் பாகத்தில் ஆண்டர்ஸ் உதவி கேட்கிறான். தன்னையும் அந்த ஆவியையும் பிரிக்க ஒரு மருந்து செய்ய வேண்டும், இரண்டு பொருள் வேண்டும். ஒன்று செலா பெட்ரே, இருள்நகரின் சாக்கடையில் கிடைப்பது, மலமும் சிறுநீரும் படிந்து விளையும் உப்பு. இன்னொன்று டிரேக்ஸ்டோன், சுரங்கத்தில் கிடைக்கும் கல். விளையாடுபவர் பத்து நிமிடம் சாக்கடையில் அலைந்து பொறுக்கிக் கொடுக்கிறார். வேதியியல் தெரிந்த ரசிகர்கள் ஆலயம் வெடிப்பதற்கு முன்பே எச்சரித்துவிட்டார்கள். சாக்கடையில் விளையும் உப்பு வெடியுப்பு. டிரேக்ஸ்டோன் கந்தகம். இதோடு கரியைச் சேர்த்தால் என்ன வரும் என்று சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்தில் நிஜமாகவே சிறுநீரும் சாணமும் ஊறிய மண்ணிலிருந்துதான் வெடியுப்பைப் பிரித்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்காக வீட்டுத் தரையைத் தோண்ட அரசாங்க ஆட்களே வருவார்கள். துறைமுகத்தில் தங்கியிருந்த குனாரிகளிடம் மட்டும் இருந்த வெடிமருந்து ரகசியத்தை ஆண்டர்ஸ் கண்டுபிடித்துவிட்டானா, அல்லது அது மந்திரம்தானா என்று இன்னும் வாதம் நடக்கிறது. வெடிப்பில் சிவந்த ஒளித்தூண் எழுகிறது, எனவே இரண்டும் கலந்தது என்பது என் கட்சி.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அவன் எதற்கென்று சொல்லாமல் என் கையால் அதைச் செய்யவைத்தான். மருந்து என்றான். ஊசி போடும் முன் இது என்ன, எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்குவது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒரு வைத்தியன் என்னிடமே அதை மீறினான். நான் பொறுக்கிக் கொடுத்த உப்பில் அந்த ஆலயம் போனது. "அவன் செய்யல்லம்மா, உள்ள இருந்த ஆவி செஞ்சது" என்றான் மகன். அது ஒரு ஊகம். ஆண்டர்ஸ் தானே துண்டறிக்கை எழுதியவன், தானே திட்டமிட்டவன் என்பது எதிர் ஊகம்.

எல்தினாவைப் பற்றி ஒரு கிறிஸ்தவளாகச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. டெம்ப்ளர்களுக்கு மேலதிகாரி அவர்தான். மெரடித்தை அடக்க அவரால் முடியும். மெரடித்தும் ஒர்சினோவும் தெருவில் வந்து மோதும்போது, சண்டைபோடும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதுபோல இருவரையும் அனுப்பிவைக்கிறார். அன்பானவர். யார் போனாலும் நல்ல வார்த்தை சொல்கிறார். ஆபத்து வருகிறது, ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்று எச்சரிக்கை வந்தபோதும் தன் மக்களை விட்டுப் போக மறுக்கிறார். அவர் ரகசியமாக மெரடித் பக்கம் என்று சில ரசிகர்கள் ஆதாரம் தேடுகிறார்கள். எனக்கு அந்த ரகசியம் தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட ஆயர்களை, அருட்தந்தைகளை, வார்டு மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஜெபிப்போம் என்பார்கள். ஒரு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட மாட்டார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். கிர்க்வால் என்று ஒரு நிஜ ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில், எங்கள் அபர்டீன் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகலாம். ஊரின் நடுவே 1137இல் தொடங்கிய புனித மேக்னஸ் பேராலயம், சிவப்புக் கல். பழைய நோர்ஸ் மொழியில் அந்த ஊர்ப்பெயருக்கு ஆலய விரிகுடா என்று பொருள். ஆலயத்தால் பெயர் பெற்ற ஊரின் பெயரை, ஆலயம் வெடிக்கும் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு ஈசிஜி நினைவுக்கு வந்தது. நான் பார்த்தது இதயமா, பல் தேய்க்கும் கையா? தெரியாமல் தலைப்பாக வைத்துவிடக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

எல்லா ஊகங்களுக்கும் தாய் ஒன்று இருக்கிறது. விளையாட்டின் மூன்று பாகங்களிலும் மூலைமுடுக்குகளில் கிடைக்கும் குறிப்புகள், 'கிர்க்வாலின் புதிர்' என்ற தலைப்பில். மூவர் குழு என்று தங்களை அழைத்துக்கொண்டவர்கள் எழுதியவை. கண்ணில் படாமலே விளையாட்டை முடித்துவிடலாம். அவர்கள் கேட்ட கேள்வி: இந்த ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு பேர் கெட்டுப்போகிறார்கள்? மந்திரவாதிகளுக்கான சோதனையில் தோற்பவர்கள் இங்கே ஏன் மற்ற ஊர்களைவிட அதிகம்? தேடிப் போனார்கள். பழைய நகரத்தின் தெருக்கள் மந்திரக் குறியீடுகளின் வடிவத்தில் போடப்பட்டிருப்பதைப் பார்த்தார்கள். பலியிடப்பட்ட அடிமைகளின் குருதி ஓட நிலத்தடியில் வெட்டிய வாய்க்கால்களைப் பார்த்தார்கள். நனவுலகுக்கும் ஆவியுலகுக்கும் இடையிலான திரை அந்த ஊரில் நைந்துபோயிருக்கிறது. டெவிண்டர்கள் ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காக ஒரு நகரத்தையே கருவியாகக் கட்டியிருக்கிறார்கள்.

ரசிகர்கள் இதை விடவில்லை. நகரமே குற்றவாளி. மெரடித், ஆண்டர்ஸ், குவெண்டின் எல்லோரும் அந்த மண்ணின் சாபத்தில் ஆடிய பொம்மைகள். மற்ற எந்த ஊகமும் தராத நிம்மதியை இது தருகிறது, எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது, ஒருவரும் பொறுப்பில்லை. நான் இதை வாசித்தபோது எனக்கு ஒரு கட்டில் நினைவுக்கு வந்தது.

டிப்ளமோ முடித்து நான் முதலில் வேலை பார்த்தது தெற்கே ஒரு தனியார் மருத்துவமனை. ஆண்கள் மருத்துவ வார்டு. இரவில் இரண்டு நர்சுகள். அங்கே 14ஆம் நம்பர் கட்டில் ராசியில்லாதது என்று பெயர். அதில் படுப்பவர் தேற மாட்டார். ஆயாக்கள் சொல்வார்கள், நாங்களும் சொல்வோம். யாரோ அதன் தலைமாட்டில் வேதவசனப் படம் ஒன்றைக்கூட மாட்டியிருந்தார்கள். தெரிந்தவர்கள் வந்தால், வேறு கட்டில் கேளுங்கள் என்று காதோடு சொல்லி அனுப்புவோம். அதை ஒரு உதவியாக நினைத்திருந்தேன்.

ஒரு இரவு அந்தக் கட்டிலில் இருந்தவர் இறந்துபோனார். 2 மணிக்குப் பார்த்தேன், மூச்சு சீராக இருந்தது. 4 மணிக்குப் போனபோது உடம்பு ஆறியிருந்தது. இடையில் 6ஆம் கட்டில்காரருக்கு வலிப்பு, அதில் ஓடிவிட்டேன். காலையில் அவருடைய மகள் வந்து, "அக்கா, ராத்திரி கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. "அந்தக் கட்டிலே அப்படித்தாம்மா" என்றேன். அவளும் தலையாட்டினாள். அவளுக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சில மாதங்களில் புதிதாக ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் வந்தார். முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், "இங்கிருந்து 14 தெரியல்லியே, தூண் மறைக்குதே" என்றார். அழைப்பு மணியைப் போய் அழுத்தினார். அடிக்கவில்லை. எவ்வளவு காலமாக என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே கட்டிலை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு, அந்த இடத்தில் துணி அலமாரியை வைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் நிறுத்தி, ரவுண்ட்ஸ் நோட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் நேரம் எழுதச் சொன்னார். என் பழைய பக்கத்தைத் திருப்பி 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை விரலால் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் நான் மூவர் குழுவை ரசிகர்கள் வாசிப்பதுபோல வாசிக்கவில்லை. இடத்துக்குக் குற்றம் உண்டு, மறுக்கவில்லை. தூண் உண்மை, ஊமை மணி உண்மை. அதுபோல அந்த வாய்க்கால்களும் உண்மை. யாரோ கணக்குப் போட்டு வெட்டியவை, அடிமைகளை எண்ணி அனுப்பியவை. மூவர் குழு ஜெபித்துவிட்டுப் போகவில்லை, வரைபடத்தை விரித்தார்கள், எண்ணினார்கள், சாக்கடைக்குள் இறங்கிப் பார்த்தார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் செய்த வேலை அது. ரசிகர்கள் அதே குறிப்புகளிலிருந்து 14ஆம் நம்பர் கட்டிலைச் செய்துகொண்டார்கள். அந்த மகளிடம் நான் சொன்னதும் ஒரு ரசிகர் ஊகம்தான்.

ஒர்சினோவை இந்த ஊகத்தால் காப்பாற்ற முடியாது என்பதையும் கவனியுங்கள். திரை எவ்வளவு நைந்திருந்தாலும், தெரிந்த கொலையை ஏழு கடல் தாண்டிச் சொல்ல வேண்டியதில்லை, துறைமுகத்தைத் தாண்டிச் சொன்னால் போதும். அவர் புத்தகம் அனுப்பினார்.

கேள்வி நேரத்துக்கு முன் ஒன்று மட்டும். ஆலயம் வெடித்த பிறகு, எரியும் நகரத்தின் நடுவே ஆண்டர்ஸ் ஒரு பெட்டியின் மேல் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். என்ன செய்வது என்று விளையாட்டு உங்களைக் கேட்கும். கொல்லலாம், துரத்திவிடலாம், கூட வரச் சொல்லலாம். நேரக்கட்டுப்பாடு கிடையாது. நான் கன்ட்ரோலரை வைத்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தேன். திரும்ப வந்தபோதும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். மகன் பின்னால் நின்றுகொண்டிருந்தான், ஒன்றும் பேசவில்லை. மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசாமல் நின்ற ஒரே நேரம் அதுதான்.

நான் அவனைக் கூட வரச் சொன்னேன். "ஏன்மா?" என்றான் மகன். என் ஹாக் வாள்வீராங்கனை, மந்திரம் தெரியாதவள். தெருவெல்லாம் அடிபட்டவர்கள். என் குழுவில் காயத்தை ஆற்றத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. "மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டான். "இல்ல மக்களே, டூட்டிக்கு ஆளில்ல" என்றேன். அவன் சிரித்தான். பிறகு, அவன் விளையாடியபோது ஆண்டர்ஸைக் கொன்றுவிட்டதாகச் சொன்னான். ஏன் என்று நான் கேட்டேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் தூங்கப் போகும்போது மணி இரண்டரை.